தோற்றுக்கொண்டே எழுதிய மனிதர்: வில்ஹெல்ம் ஹோக்னர்

ஜேர்மன் வரலாறு எண்டதும் நாங்கள் ஹிட்லரைப் பற்றித்தான் கூடக் கதைக்கிறம். அவரை ஆரம்பத்திலேயே தடுக்கப் பார்த்த ஆக்களில் ஒருவரைச் சொல்லுங்கோ எண்டால் முழிப்பம். அப்படிப்பட்ட ஒருவர்தான் வில்ஹெல்ம் ஹோக்னர்.

1887இல் மூனிச்சில் ஒரு புகையிரதத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். சட்டம் படித்தார், அரச வழக்குத்தொடுநரானார். 1919இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து, 1924இல் பவேரிய மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். அதற்கு முதல் வருடம்தான் ஹிட்லர் மூனிச்சில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றிருந்தார். கிடைத்தது ஐந்து வருடச் சிறை. ஆனால் 1924 டிசெம்பரிலேயே ஆள் வெளியே!

இந்த முயற்சிக்குப் பின்னால் நின்றது யார், அவர்களுக்கு யார் தயவு காட்டினார்கள் என்று விசாரிக்கச் சட்டசபையில் ஒரு குழு அமைந்தது. அதை முன்நின்று நடத்தியவர்களில் ஹோக்னர் முக்கியமானவர். விசாரணையில் வெளிவந்தவற்றை மக்களிடம் கொண்டுபோக அரசுக்கு விருப்பமில்லை. ஹோக்னர் விடவில்லை. 1928இல் தன் பெயரைப் போடாமல் அதை ஒரு சிறுநூலாக வெளிக்கொண்டுவந்தார். ஆனாலும் நாடு திரும்பிப் பார்க்கவில்லை.

1930இல் தேசியப் பாராளுமன்றத்துக்குப் போனார். 1933 மார்ச் 23 அன்று ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுக்கும் சட்டம் வந்தபோது எதிர்த்து விழுந்தவை 94 வாக்குகள். எல்லாமே சமூக ஜனநாயகக் கட்சியினுடையவை. அதில் ஒன்று ஹோக்னருடையது. அதே வருடம் வேலை போனது, கட்சி தடைசெய்யப்பட்டது. முதலில் ஒஸ்திரியாவுக்கும், 1934இல் சுவிற்சர்லாந்துக்கும் தப்பிப் போனார்.

எங்களை யோசிக்க வைப்பது இந்த சுவிஸ் வருடங்கள்தான். திரும்பிப் போவோமா என்றே தெரியாத காலம். எழுத்தாலும் மொழிபெயர்ப்பாலும் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, ஹிட்லருக்குப் பிறகான ஜேர்மனி எப்படி இருக்கவேண்டும் என்று மற்ற அகதிகளுடன் சேர்ந்து திட்டம் வரைந்துகொண்டிருந்தார். மாநிலங்களுக்கு உண்மையான அதிகாரம் உள்ள சமஷ்டிதான் சரி என்பது அவருடைய நிலைப்பாடு. பலமான மத்திய அரசை விரும்பிய சொந்தக் கட்சித் தலைமைக்கே பிறகு இது பிடிக்கவில்லை.

1945 செப்ரெம்பரில் அமெரிக்கர்கள் அவரைப் பவேரியாவின் முதல்வராக்கினார்கள். அடுத்த வருடம் அரசியலமைப்பு எழுதும் வேலை தொடங்கியபோது அவருடைய வரைவுதான் அடித்தளம். கூட வேலை செய்த சட்டப் பேராசிரியர் ஹன்ஸ் நவியாஸ்கியும் சுவிஸிலிருந்து திரும்பியவர். மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டம் கொண்டுவரும் வழியும் அதில் இருந்தது. 1946 ஒக்டோபரில் நூரெம்பேர்க்கில் நாசித் தலைவர்கள் தூக்கிலிடப்பட்ட இரவு, ஜேர்மன் மக்களின் சார்பில் சாட்சியாக நின்றவர்களில் அவரும் ஒருவர்.

1946 டிசெம்பர் 1 அன்று அரசியலமைப்பு சர்வசன வாக்கெடுப்பில் வென்றது. அதே நாள் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது, முதல்வர் பதவியும் போனது. 1954இல் நாலு கட்சிக் கூட்டணியோடு திரும்பி வந்து 1957வரை ஆண்டார். அவருக்குப் பிறகு இன்றுவரை அந்தக் கட்சியிலிருந்து யாரும் பவேரிய முதல்வராகவில்லை. தன் நினைவுநூலுக்கு அவர் வைத்த தலைப்பே 'கடினமான வெளியாள்' எண்ட மாதிரித்தான். 1980இல் காலமானார்.

பதவிக் கணக்குப் பாத்தால் இது தோல்விக் கதைதான். ஆனால் அந்த அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரையை வாசிச்சுப் பாருங்கோ. காட்டுக்குள் போகவும், மலைப் புல்வெளியில் நடக்கவும், காட்டில் தானாக விளைவதை ஊர் வழக்கப்படி பொறுக்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு. மலைக்கும் ஏரிக்கும் போகும் வழியைத் திறந்து வைத்திருப்பது அரசின் கடமை. இன்றைக்கும் அது சட்டம். ஞாயிற்றுக்கிழமை கூடையோடு காளான் பொறுக்கப் போகும் பவேரியக்காரருக்கு ஹோக்னரின் பெயர் தெரிஞ்சிருக்க வேண்டுமெண்டில்லை. வழி திறந்துதான் இருக்கு.