கள்ளியை வென்ற பூச்சி



அரசர்களின் போர்களை வரலாறு என்று படிக்கிறீர்கள். வீட்டுத் தோட்டத்துக் களைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறியாதவர் களையை வெல்லுதல் அரிது.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரம் மழை குறைந்த பூமி. தீப்பெட்டிக்கும் வெடிக்கும் உகந்த வறண்ட வானிலையே முட்செடிகளுக்கும் உகந்ததாயிற்று. அவற்றுள் ஒன்று சப்பாத்திக் கள்ளி. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். வேலிக்கு நட்ட கள்ளி வேலியைத் தாண்டித் தோட்டத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் கவர்ந்துகொண்டது. வெட்டி எறிந்த மடலோ விழுந்த இடத்திலேயே வேரூன்றியது. வெட்ட வெட்டப் பெருகும் பகையை எவ்வாறு ஒழிப்பது?

விடை எதிர்பாராத வழியில் வந்தது. கள்ளி மடலில் வெண்பஞ்சு போல் ஒட்டிச் சாற்றை உறிஞ்சி வாழ்வது கொச்சினீல் பூச்சி. அதிலிருந்து செஞ்சாயம் எடுக்கலாம். அச்சாயத்தை விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியாரின் முயற்சியால், 1795-இல் பிரேசிலிலிருந்து அப்பூச்சி வங்காளம் வந்தது. வந்ததோ மட்டமான இனம், சாயத்தில் இலாபமில்லை. ஆனால் அது ஒருவகைக் கள்ளியை அடியோடு அழித்தது. 1836-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியக் கள்ளியின்மீதும் அதனை ஏவினர். எனினும் மற்றொரு கள்ளியினத்தை அது தீண்டவில்லை. அதற்கெனவே வேறொரு கொச்சினீல் இனத்தை 1926-இல் இலங்கையிலிருந்து தருவித்தனர். சில ஆண்டுகளில் தமிழகத்துக் கள்ளிக்காடுகள் பெரும்பாலும் வாடி வீழ்ந்தன. பகையின் இனம் அறிந்தே படையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறதன்றோ?

கள்ளி அகன்ற தரிசுகளில் இன்று மண்டி நிற்பது சீமைக் கருவேலம். அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கும் வேலிக்கும் உதவுமென்று மக்களே பரப்பினர். அதை எரித்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகளும் உளர். அதனை அகற்றும் வழக்கு 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடைபெற்றது.

தோட்டத்தில் அது முளைத்தால் அரிவாள் பயன்படாது. தூரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். மழையில் மண் நெகிழ்ந்ததும், கன்றாயிருக்கையிலேயே கடப்பாரையால் வேரோடு தோண்டுங்கள். ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும். ஆதலின் காய்க்குமுன்பே களையுங்கள்.

பள்ளித் தோட்டத்தில் மாணவரோடு களையெடுத்த ஆண்டுகளில் நான் வலியுறுத்தி வந்தது மற்றொன்றும் உண்டு: களைந்த இடத்தை வெறுமையாக விடலாகாது. அன்றே ஒரு வேம்போ முருங்கையோ நடுங்கள். வெற்றிடம் கண்டால் அடுத்த களை குடியேறும். கள்ளி போன நிலத்தில் கருவேலம் புகுந்த வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.