அச்சுக்கூடத்தின் இயல்பெழுத்து: தரங்கம்பாடி முதல் ஸீடெக் வரை

தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றைக் கற்போருள் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தைப் பற்றி அறியாதார் அரியர். ஆயினும் அவ்வரலாற்றை நாம் நூல்களின் வரலாறாகவே படித்து வருகிறோம். எந்நூல் எவ்வாண்டில் வெளிவந்தது, மொழிபெயர்த்தவர் யார், திருத்தியவர் யார் என்று கேட்கிறோம். அந்நூல் எவ்வெழுத்தில் கோக்கப்பட்டது என்று கேட்பதில்லை. எழுத்தின் உருவமும் பருமனும் அச்சுக்கோப்பவரின் கவலை, இறையியலாரின் கவலையன்று என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. இவ்வெண்ணம் பொருந்தாது என்பதே என் துணிபு.

ஒவ்வோர் அச்சு முறையிலும் கேளாமலே வந்து நிற்கும் எழுத்து ஒன்று உண்டு. அதனை இங்கு இயல்பெழுத்து என அழைப்போம். அச்சுக்கோப்பவர் வேறொன்றைக் குறிப்பிடாதவரை அவர் கை அதனையே எடுக்கிறது. இக்காலத்துக் கணிப்பொறியும் அதனையே எடுக்கிறது. அந்த இடத்தில் தமிழ் எழுத்து எக்காலத்திலும் தானாக வந்து அமர்ந்ததில்லை. ஒருவர் அதனைக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. அவர் பெரும்பாலும் வேதத்தை அச்சிட வேண்டும் என்னும் பாரமுடையவராய் இருந்தார் என்பது நம் கவனத்திற்குரியது.

1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலுக்கு முன்னர், 1554-இல் லிஸ்பனில் தமிழ் நூலொன்று அச்சாயிற்று. அதில் தமிழ்ச் சொற்கள் இருந்தன; தமிழ் எழுத்து இல்லை. அவ்வூர் அச்சுக்கூடத்தின் இயல்பெழுத்து ரோமன் எழுத்து. தமிழும் அவ்வெழுத்திலேயே கோக்கப்பட்டது. என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் முத்துக்குளித்துறை மக்களுக்கென முயன்ற பின்னரே தமிழ் எழுத்து ஈயத்தில் உருப்பெற்றது.

சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். லண்டனிலுள்ள கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அனுப்பிய அச்சியந்திரம் 1712-இல் வந்தது. அதனோடு வந்த எழுத்துகள் ரோமன் எழுத்துகளே. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியன. சில வரிகளுக்கே பக்கம் நிரம்பிவிடும். தாளோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். அவ்வெழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் கையிருப்புத் தாள் போதாது என்று கண்டனர். எனவே அச்சுத் தொழிலரான அட்லர் சிற்றெழுத்துகளை இங்கேயே வார்க்கத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கினார் என்றும் சொல்லப்படுகிறது. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. பொறையாற்றில் தாள் ஆலையும் எழுந்தது. எழுத்தின் பருமன் சிறிது குறைந்திராவிட்டால் நம் முதல் புதிய ஏற்பாடு அவ்வாண்டில் முற்றுப்பெற்றிருக்குமோ என்பது ஐயமே.

இக்கதை சென்னையிலும் தொடர்ந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சியந்திரம் வேப்பேரியில் ஊழியஞ்செய்த பப்ரிசியுஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசாங்க வேலைகளையும் செய்துகொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கிருந்தே 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடும் 1779-இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதியும் வெளிவந்தன. சென்னீர்குப்பத்திலிருந்து பூவிருந்தவல்லிக்கு வந்து நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் நம் மாணவர் எத்தனையோ முறை வேப்பேரியைக் கடந்து போயிருப்பர். தாம் கடந்து போவது எவ்விடம் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பின்னர் 1838-இல் அமைந்த அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் தமிழ் எழுத்தைத் திருத்தமான சிறு வடிவில் புதிதாக வார்ப்பித்தார். யாழ்ப்பாணத்துப் பெர்சிவல் ஐயரும் ஆறுமுக நாவலரும் உழைத்த மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சானதும், 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதி 1862-இல் அச்சானதும் அவ்வச்சகத்திலேயே. மொழிபெயர்ப்பாளரின் பெயரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். எழுத்து வார்த்தவரின் பெயரைத் தேடித்தான் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

எழுத்தின் கதை இவ்வாறிருக்க, எண்ணின் கதை வேறு வழியில் சென்றது. தமிழ் இலக்கங்களில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்திற்கும் தனிக் குறிகள் உண்டு. 1862 என்பதை ௲௮௱௬௰௨ என்று எழுதுவர், பூஜ்யம் தேவைப்படாது. எழுத்தைப் போல் வாசிப்பதற்கு இம்முறை போதும். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டவும் பெருக்கவும் அது இசைவதன்று. 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகள் பலவற்றில் பாட்டின் எண்ணும் பக்கத்தின் எண்ணும் தமிழ் இலக்கத்தாலேயே குறிக்கப்பட்டன. பள்ளிக்கூடக் கணிதமும் அரசாங்கக் கணக்கும் ஐரோப்பிய இலக்கங்களைக் கொண்டுவந்தபின் அச்சுக்கூடத்தில் இருவகை எண்களுக்கும் இடம் வைக்க வேண்டியதாயிற்று. மெல்ல மெல்ல ஒன்றுக்கே இடம் எஞ்சியது. இன்று நம் வேதாகமத்தில் அதிகாரத்தையும் வசனத்தையும் காட்டும் எண்கள் உலகெங்கும் வழங்கும் எண்களே. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. எழுத்துக்கு ஓர் இயல்பும் எண்ணுக்கு வேறோர் இயல்பும் ஒரே பக்கத்தில் அமையக்கூடும் என்பதை இது காட்டுகிறது. அடுத்துச் சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

ஈய எழுத்து மறைந்து கணிப்பொறி அச்சுக்கோக்கத் தொடங்கிய காலத்தில் இதே கேள்வி மீண்டும் எழுந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத் 1977-இல் தம் கணித நூலொன்றின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகளைக் கண்டு மனம் வருந்தினார். முன்பு உலோக எழுத்தில் அழகுற அமைந்த சூத்திரங்கள் புதிய ஒளியச்சு முறையில் சீரழிந்திருந்தன. அவர் தாமே ஓர் அச்சுக்கோப்பு முறையை இயற்றி அதற்கு டெக் என்று பெயரிட்டார். கிரேக்கம் பயிலும் நம் மாணவர் கவனிக்க: அப்பெயரின் எழுத்துகள் தௌ, எப்சிலோன், கீ என்பன. நடபடிகள் 18:3-இல் கூடாரம் பண்ணுந் தொழிலைக் குறிக்கும் ‘தெக்நே’ என்னும் சொல்லே அதன் வேர். கனூத் லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர். வேதாகமத்தின் ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை எடுத்து ஆராய்ந்து, ஹெர்மன் சாப்பும் பிற எழுத்தோவியரும் தீட்டிய பக்கங்களோடு நூலாக வெளியிட்டவரும் அவரே.

டெக் முறையில் எழுத்தைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால் ‘கம்ப்யூட்டர் மாடர்ன்’ என்னும் எழுத்து வந்து நிற்கும். இதுவும் கனூத் ஆக்கியது. உரைக்கும் கணிதத்திற்கும் ஒரே குடும்பத்து எழுத்துகளாக அது அமைந்துள்ளது. ஆனால் அம்முறையின் உள்ளே இரண்டும் தனித்தனிப் பெட்டிகள். கணிதப் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தும் மூன்று பருமன்களில் ஆயத்தமாக நிற்க வேண்டும்: வரியில் நிற்பதற்கு ஒன்று, மேற்குறியாக நிற்பதற்குச் சிறியது, அதன் மேற்குறிக்கு அதனினும் சிறியது. ஆகையால் உரையின் எழுத்தை மாற்றினால் கணிதம் தானாக முழுவதும் மாறிவிடாது. மாற்ற வேண்டுமாயின் அதனையும் தனியே சொல்ல வேண்டும். 1989-இல் வெளிவந்த ‘கான்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்’ என்னும் நூலில் கணிதத்திற்குச் சாப் வரைந்த ஆய்லர் எழுத்தும், அதனோடு இசையுமாறு கனூத் ஆக்கிய வேறோர் எழுத்து உரைக்கும் வைக்கப்பட்டன. கணித எழுத்து முந்தி, உரை எழுத்து அதற்கேற்பப் பிந்தி வந்தது அங்கே காணும் புதுமை.

இவ்வளவிலும் தமிழுக்கு இடமில்லை. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துத் தாமஸ் ரிட்ஜ்வே டெக்கிற்கென ஒரு தமிழ் எழுத்தை ஆக்கினார். எனினும் அதனைப் பயன்படுத்துவோர் தமிழை ரோமன் எழுத்தில் எழுதி, அதனை இடையே ஒரு நிரலால் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. லிஸ்பன் அச்சுக்கூடம் என் நினைவுக்கு வருகிறது.

தடை நீங்கியது 2004-இல். ஜோனதன் கியூ என்பவர் டெக் முறையை விரித்து ஸீடெக் என்பதை ஆக்கினார். அது யூனிகோட் முறையில் எழுதிய எம்மொழியையும் நேரே ஏற்கும்; கணிப்பொறியில் உள்ள எவ்வெழுத்தையும் எடுத்துக்கொள்ளும். முதலில் ஆப்பிள் கணிப்பொறிகளில் மட்டும் இயங்கிய அது 2006-இல் பிறவற்றிற்கும் வந்தது. கியூ அப்போது பணியாற்றிய நிறுவனம் எஸ்.ஐ.எல். சிறுபான்மை மொழிகளில் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநிற்கும் நிறுவனம் அது. தரங்கம்பாடியில் அட்லரைச் சிற்றெழுத்து வார்க்கத் தூண்டிய தேவையே இங்கும் நின்றதென்று சொன்னால் மிகையாகாது.

இன்று நம் மாணவர் ஆய்வேட்டைத் தமிழில் கோக்கும்போது நேர்வது என்ன? ஸீடெக்கில் இயல்பாக வந்து நிற்பது இன்றும் லத்தீன் எழுத்தே. தமிழில் எழுதி ஓட்டினால் அது பிழையென்று நிற்காது. அவ்வெழுத்தில் இந்த உரு இல்லை என்று பதிவேட்டில் ஒரு குறிப்பை எழுதிவிட்டு, தாளில் இடத்தை வெறுமையாக விட்டுச் செல்லும். ஆகவே ஃபாண்ட்ஸ்பெக் என்னும் துணைத்தொகுப்பைச் சேர்த்து, முதன்மை எழுத்து இன்ன தமிழ் எழுத்துரு என்று பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். வரிவடிவம் தமிழ் என்றும் கூறவேண்டும். பின்னதை விட்டுவிடுவோர் பலர். அச்சுக்கோப்பவர் ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பையும் பிறகு ககரத்தையும் இறுதியில் காலையும் கையால் எடுத்து வைத்தார். கணிப்பொறி ககரத்தை முன்னும் ஒகரக் குறியை அதன் பின்னும் சேமிக்கிறது. வரிவடிவம் தமிழ் என்று சொன்னால்தான் கொம்பு தன் இடத்திற்கு முன்னே செல்லும்.

கணிதத்தை யூனிகோட்-மாத் என்னும் மற்றொரு தொகுப்பின் வாயிலாகத் தனியே குறிக்க வேண்டும். உரைக்குரிய எவ்வெழுத்தையும் அங்கே வைத்துவிட இயலாது. வளரும் அடைப்புக்குறி, நீளும் வர்க்கமூலக்குறி ஆகியவற்றின் அளவுகளைத் தன்னுள்ளே கொண்ட எழுத்தே அதற்கு உதவும். இறையியலுக்குக் கணிதம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. பிரதி ஒப்பீட்டின் விகிதங்களையும் சபைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளையும் எழுதிப் பார்த்தவர் அவ்வாறு கேட்கமாட்டார்.

எழுத்துருவைப் பெயர் சொல்லிக் குறிப்பதைவிட முந்தியது, உரையை எம்முறையில் சேமித்திருக்கிறோம் என்பது. 1990-களில் நம் சபைகளில் தட்டெழுதிய ஞானஸ்நானப் பட்டியல்களும் பிரசங்கக் குறிப்புகளும் அவ்வவ்வெழுத்துருவுக்கே உரிய குறியீட்டில் உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் லத்தீன் எழுத்துகளின் குப்பையாகவே அவை தோன்றும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16 என்னும் குறியீட்டையும் தரமாக ஏற்றது. அதற்கு முந்திய கோப்புகளை மாற்றி வைப்பது ஒவ்வொரு சபையும் தானே செய்ய வேண்டிய வேலை. பழைய எழுத்துரு எதுவென்று நினைவில் வைத்திருக்கும் தட்டெழுத்தாளர் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்வது எளிது. தமிழ்ப் பூஜ்யத்திற்கு யூனிகோடில் 2005-இலும், பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு 2019-இலும் இடம் கிடைத்தது. எனவே பழைய சபைக் கணக்கேடுகளில் காணும் முக்காணியையும் அரைக்காலையும் இனி உள்ளபடியே படியெடுத்து வைக்கலாம். அக்குறிகளைக் கொண்ட எழுத்துருவைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.