சீலியாக் நோய்ப் பரிசோதனை

சீலியாக் நோய், கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்படும் தன்னெதிர்ப்பு நோய். குளூட்டன் உள்ளே போகும்போதெல்லாம் உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. வயிற்றுப்போக்கும் உப்புசமும் பலரும் அறிந்த அறிகுறிகள். இரும்புச்சத்து மாத்திரைக்கு மசியாத இரத்தசோகை, குழந்தை உயரம் கூடாமை, எலும்புத் தேய்வு என வேறு முகத்தோடும் இந்நோய் வரும். அப்போதுதான் அது எளிதில் தவறவிடப்படுகிறது.

இந்தியாவில் இந்நோய் வடக்கில் மிகுதி, தெற்கில் அரிது. வட இந்தியா, அசாம், தமிழ்நாட்டின் வேலூர் ஆகிய இடங்களில் 23,331 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் இருந்தது. நோய்க்கு இடந்தரும் டிக்யூ2, டிக்யூ8 மரபணுக்கள் இரு பகுதியிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உண்டு. பெரிதும் வேறுபட்டது கோதுமை உணவு: வடக்கில் நாளுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். பெங்களூரு சிவாஜிநகர் போன்ற இடங்களில் இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. தமிழ், உருது, கன்னடம் பேசும் குடும்பங்கள் கலந்து வாழும் இப்பகுதியில் சோறும் ராகிக் களியும் ஒரு பக்கம், பரோட்டாவும் பன்னும் சமோசாவும் மறுபக்கம். வடக்கிலிருந்து வந்து குடியேறியோரும் நகரில் ஏராளம். ‘தென்னிந்தியருக்கு இது வராது’ என்று ஒதுக்குவது இங்கே தகாது.

முதல் சோதனை டிடிஜி-ஐஜிஏ எனப்படும் இரத்தப் பரிசோதனை. குடல் திசுவிலுள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை அது அளக்கிறது. இந்த நொதியே தாக்குதலின் இலக்கு என்பது 1997இல் கண்டறியப்பட்டது. இரத்தத்தில் ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே ஐஜிஏ குறைந்தவருக்கு நோய் இருந்தும் முடிவு ‘இல்லை’ என்று வரக்கூடும். அவருக்கு ஐஜிஜி என்னும் வேறு வகை எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை தேவை.

பரிசோதனையைப் பெரிதும் கெடுப்பது அவசரப் பத்தியம். கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். பிறகு நோயை உறுதிசெய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஏற்கெனவே நிறுத்தியவர், மருத்துவர் மேற்பார்வையில் நாள்தோறும் ஒன்றிரண்டு சப்பாத்தி அளவு கோதுமையைச் சில வாரங்கள் மீண்டும் உண்ட பிறகே சோதிக்க முடியும். டிக்யூ2, டிக்யூ8 மரபணுச் சோதனைக்கு மட்டும் இக்கட்டுப்பாடு இல்லை. இரண்டும் இல்லையெனில் நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தால் மட்டும் நோய் என்றாகாது.

இரத்தச் சோதனை நேர்மறையானால், எண்டோஸ்கோபி வழியே முன்சிறுகுடலில் பல இடங்களில் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சேதத்தின் அளவு மார்ஷ் என்னும் படிநிலையில் குறிக்கப்படுகிறது. எதிர்ப்பொருள் இயல்பின் உச்சவரம்பைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ உள்ள குழந்தைகளுக்கு, இரண்டாம் இரத்த மாதிரியில் இஎம்ஏ என்னும் மற்றோர் எதிர்ப்பொருள் சோதனையும் நேர்மறையானால், திசு எடுக்காமலே நோயை உறுதிசெய்யலாம் என்கிறது 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல். தென்னிந்தியாவில் திசு முடிவை மட்டும் நம்பக் கூடாது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல் நோய், ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணித் தொற்று ஆகியவையும் குடலுறிஞ்சிகளைத் தேய்க்கும்.

சீலியாக் நோய் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நிலைக்குத் தனிச் சோதனை கிடையாது. சீலியாக் நோயையும் கோதுமை அலர்ஜியையும் விலக்கிய பின், குளூட்டனை நீக்கியும் மீண்டும் கொடுத்தும் அறிகுறிகளைக் கவனிப்பதே வழி. சிலருக்குத் தொல்லை தருவது குளூட்டன் அன்று, கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்னும் மாவுப்பொருள். பல உணவுகளுக்கு ஐஜிஜி அளந்து தரும் விலையுயர்ந்த பட்டியல்களை நோயறிதலுக்கு மருத்துவ அமைப்புகள் ஏற்பதில்லை.

நோய் உறுதியானால் குளூட்டனை வாழ்நாள் முழுதும் தவிர்க்க வேண்டும். அரிசி, ராகி, சோளம், கம்பு ஆகியவை தடையில்லாதவை. கோதுமை மாவு கலந்த கட்டிப் பெருங்காயம் கவனிக்கப்பட வேண்டியது. பத்தியம் சரியாக நடக்கிறதா என்பதை 6 முதல் 12 மாதங்களில் மீண்டும் டிடிஜி எடுத்துப் பார்க்கிறார்கள். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு நோய்வாய்ப்பு பொதுமக்களைவிட அதிகம் என்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.