எண்ணெயும் எழுத்தும்: செங்கம் நடுகற்களை முன்வைத்துப் போர் ஊர்திகளைப் பேணுதல் குறித்து

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுப்பப்பட்டது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு நட்ட கல் அது. அவன் யாருடைய ஆள், அந்தத் தலைவர் எந்த அரசருக்கு என்ன உறவு என்பதை அதன் வட்டெழுத்து வரிகள் சொல்கின்றன. அதோடு விடவில்லை. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் தனியே பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. இன்று ஊர்ப் பூங்காவிலும் முச்சந்தியிலும் படைத்தள வாசலிலும் பீடமேறி நிற்கும் விமானங்களையும் டாங்கிகளையும் பற்றி இதில் பாதிகூடத் தெரிவதில்லை.

அதே மலையில் பழம்பொருளைப் பேணும் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. புதிய கற்காலத்து வழுவழுப்பான கற்கோடரிகளை எடுத்துச் சிறு கோயில்களில் பிள்ளையாராக வைத்துக் கும்பிடுவது. எண்ணெய் பூசுவார்கள், பொட்டு வைப்பார்கள். இதை அறியாமை என்று ஒதுக்க நான் தயாரில்லை. அந்த வழிபாடு இல்லாவிட்டால் பல கோடரிகள் எப்போதோ வரப்புக் கல்லாகப் போயிருக்கும். ஆனால் அப்படித் தப்பிய கோடரிக்கு வரலாறு இல்லை. எந்த மண்ணடுக்கில் கிடந்தது, உடன் என்ன இருந்தது என்பதெல்லாம் போய்விட்டது. முதல் முறை எழுத்தால் பேணுவது, இரண்டாவது எண்ணெயால் பேணுவது. நம் போர் ஊர்திகளை நாம் இரண்டாவது முறையில் பேணிக்கொண்டிருக்கிறோம். அவற்றுக்குப் பொருந்துவது முதல் முறை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எண்ணெயின் இடத்தில் இங்கே பெயின்ட் இருக்கிறது. விழா நெருங்கினால் ஒரு கை பூசிவிடுவார்கள். பொருளறிவியல் நோக்கில் இது பாதுகாப்பே அல்ல. விமான உடலின் தகடு செம்பு கலந்த அலுமினியம். செம்பு அதற்கு வலுவைத் தருகிறது, அரிமானத்துக்கு வழியையும் திறந்துவிடுகிறது. அதனால் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாகப் படிய வைத்திருப்பார்கள். புதுப் பூச்சு ஒட்டட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது முதலில் போவது அந்தத் தோல்தான். உள்ளே தேங்கிய ஈரம் பூச்சுக்கு அடியில் இருந்துகொண்டு தகட்டைப் பொருக்குப் பொருக்காக உரிக்கிறது. எஃகு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். டாங்கியின் கவசம் எளிதில் சாகாது. ஆனால் யாரும் உள்ளே இறங்கக் கூடாதென்று மேல்மூடியைப் பற்றவைத்துவிட்டால், இடுக்கு வழியாக இறங்கிய மழைநீர் வெளியேற வழியில்லாமல் அடித்தட்டில் குளம் கட்டும். கோயில் சுவர்களை மணல் வீச்சால் ‘சுத்தம்’ செய்யப்போய்க் கல்வெட்டுகளைத் தேய்த்த கதை நமக்குத் தெரியும். இதுவும் அதே கதை.

இடமும் முக்கியம். இந்தியக் கடற்படையின் டியூ-142 கண்காணிப்பு விமானங்கள் எட்டும் 1988இல் கோவாவில் பணியைத் தொடங்கி, 1992 முதல் அரக்கோணம் ராஜாளி தளத்தில் இருந்தன. 2017 மார்ச் 29 அன்று அங்கேயே அவற்றுக்கு விடை கொடுக்கப்பட்டது. அவற்றில் ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்து சென்றது. அங்கே அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பூட்டி, அருங்காட்சியகம் ஆக்கினார்கள். எதிரே குர்சுரா நீர்மூழ்கி. வருகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 50 மீட்டர் இறக்கை கொண்ட ஓர் அலுமினிய உடலை உப்புக் காற்றில் நிறுத்துவது, அதைக் கழுவவும் உலர்த்தவும் சோதிக்கவும் ஆண்டுதோறும் செலவழிப்போம் என்று வாக்குக் கொடுப்பதற்குச் சமம். வாக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு விக்ராந்த் சாட்சி. 1971 போரில் பங்கெடுத்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்தது. பாதுகாப்பில்லை என்று 2012இல் மூடினார்கள். 2014இல் உடைத்தார்கள். அதன் உலோகத்தில் கொஞ்சம் ஒரு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கில் போய்ச் சேர்ந்தது.

உடல் தேறினாலும் அடையாளம் தேறுமா என்பதுதான் கடினமான கேள்வி. இந்திய விமானப்படையின் பழம்விமானப் பிரிவில் பறக்கும் டகோட்டாவின் வாலில் VP 905 என்ற எண் இருக்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் முதல் வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கிய டகோட்டாவின் எண் அது. இன்று பறப்பது அந்த விமானம் அல்ல. 1944இல் தயாரான வேறொன்று. 2011இல் ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பிரிட்டனில் பழுதுபார்க்கச் செய்து, டகோட்டா விமானியான தம் தந்தையின் நினைவாக விமானப்படைக்கு அளித்தார். 2018 மே 4 அன்று ஹிண்டன் தளத்தில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒன்றின் உடலில் இன்னொன்றின் பெயர். இதைப் பொய் என்பதா?

திருவாரூர் ஆழித்தேரை வைத்து யோசிக்கலாம். 1926இல் தேர் எரிந்தது. 1930இல் புதிதாகச் செய்தார்கள். பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும் பொருத்தியது. ஆனாலும் அது ஆழித்தேர் இல்லை என்று எந்தத் திருவாரூர்க்காரரும் சொல்ல மாட்டார். ஏனென்றால் தேரின் அடையாளம் மரத்தில் இல்லை. வடம் பிடிப்பதிலும் வீதியைச் சுற்றி நிலைக்கு வருவதிலும் இருக்கிறது. பறக்கும் டகோட்டாவுக்கும் இந்த நியாயம் செல்லும். அதன் பணி ஒரு நிகழ்வைத் திரும்ப நடத்திக் காட்டுவது. பாகம் மாறலாம், எண்கூட மாறலாம், மாறியதைச் சொல்லிவிட்டால் போதும். பீடத்தில் அசையாமல் நிற்கும் ஊர்திக்கு அந்த நியாயம் செல்லாது. அது தேர் அல்ல, நடுகல். நடுகல்லில் பெயரை மாற்றினால் மிஞ்சுவது வெறும் கல்.

ஆகவே நிற்கும் ஊர்தியில் எதை மாற்றாமல் விடுகிறோம் என்பதே பேணுபவரின் திறமை. பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜெர்மானியரின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, அடிபட்டு, நார்வேயில் உறைந்த ஏரிமேல் இறங்கி மூழ்கியது. 1973இல் வெளியே எடுத்தவர்கள் அதை முழுமையாகப் புதுப்பிக்காமல் சிதைந்த உடலையே காட்சியில் வைத்தார்கள். அந்தச் சிதைவே அதன் கல்வெட்டு.

நம்மிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் தங்கள் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை மீண்டும் பறக்க முடியாதபடி சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அந்தக் குவியலிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தேற்றினார்கள். 1968 வரை அவை பணியில் இருந்தன. இன்று பிரிட்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் அருங்காட்சியகங்களில் உள்ள லிபரேட்டர்களில் சில அப்படி இங்கிருந்து போனவை. பயன்பாட்டுக்காகத் தேற்றியது, எண்ணாமலேயே பாதுகாப்பாக முடிந்தது. ஜவ்வாது மலையிலேயே காவலூரில் 1972 முதல் இயங்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் இது பொருந்தும். வேலை செய்யும் கருவியைத் துரு அவ்வளவு சுலபமாக அண்டாது.

வேலை ஓய்ந்தவற்றுக்குத்தான் எழுத்து வேண்டும். சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் மையத்தில் நிற்கும் மாருத், குர்ட் டாங்க் வடிவமைத்து 1961இல் முதலில் பறந்த இந்தியப் போர் விமான வகை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நின்ற இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்தே விமானப் பொறியியலின்பால் ஈர்க்கப்பட்டதாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். ஓய்ந்த இயந்திரம் இவ்வளவு செய்யும். ஆனால் பலகையில் வகைப்பெயரும் வேகமும் எடையும் மட்டும் எழுதினால், கல்லில் ‘வீரன், உயரம் ஆறடி’ என்று பொறித்ததற்கு ஒப்பாகும். படை விமானம் ஒவ்வொன்றுக்கும் பறந்த மணியையும் பார்த்த பழுதையும் குறித்த பதிவேடு உண்டு. ஊர்தியை ஊருக்குக் கொடுக்கும்போது அந்தப் பதிவேட்டின் சுருக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பதில் என்ன ரகசியம் கெட்டுவிடும்? ரகசியம் என்ற வாதம், ஐம்பது ஆண்டுக்கு முன் ஓய்ந்த இயந்திரத்துக்கு எடுபடாது.

டாங்கிக்கும் இதுவே. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா 1965 டிசம்பரில் வெளிவந்தது. 1971இல் போர்க்களம் கண்டது. அதைப் பூட்டிய தொழிலாளர்களில் பலர் இன்று முதியவர்கள். கருந்தேவகத்தியின் கல்லில் நாய்க்கும் இடம் கொடுத்த மரபு, பொறியைப் பூட்டியவருக்கும் ஓட்டியவருக்கும் ஒரு வரி ஒதுக்கத் தயங்கக் கூடாது. இக்கட்டுரையைப் படிக்கும் ஆய்வாளர்களே, கல்வெட்டுப் படியெடுக்கப் போகும் வழியில் ஓர் ஊர்தி தென்பட்டால், அதன் உடலில் அறைந்த எண் தகட்டையும் படியெடுத்து வாருங்கள். அடுத்த விழாவுக்குப் பெயின்ட் டப்பா வருவதற்கு முன்னால்.