பாதியாகக் குறைந்த மூன்று கோடுகள்

போன வாரம் பழைய பெட்டியைக் கிளறியபோது மஞ்சளேறிய வரைதாள் ஒன்று அகப்பட்டது. மூன்று உயரமான கோடுகள், அவற்றின் பக்கத்தில் அதே மூன்று கோடுகள் பாதி உயரத்தில். இரண்டுக்கும் நடுவே என் கையெழுத்தில் 'விளக்கு போட்டேன்' என்ற குறிப்பு. இந்தத் தாள் என்னை மூன்று மாதம் ஏமாற்றியது.

இலையின் பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தைலகாய்டு சவ்வில்தான் ஒளி வேலை செய்கிறது. வெளிச்சம் பட்டால் அந்தச் சவ்வே இறுகுமா, இளகுமா? எழுபதுகளில் பலரைப் பிடித்து ஆட்டிய கேள்வி இது.

கருவி முன்பே இருந்தது. 1944இல் கஸானில் சவோய்ஸ்கி கண்டுபிடித்த எலெக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வு, சுருக்கமாக இ.எஸ்.ஆர். ஜோடியில்லாத எலெக்ட்ரான் மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும். 1956இல் அமெரிக்காவில் பாரி காமனர் குழுவினர் பசுங்கணிகத்தில் ஒளியைப் பாய்ச்சி அப்படிப்பட்ட எலெக்ட்ரான்களைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் சவ்வின் கொழுப்பில் அது கிடையாதே! 1965இல் ஸ்டான்ஃபோர்டில் ஹார்டன் மெக்கானல் அதற்கு வழி சொன்னார்: நைட்ராக்சைடு என்ற நிலையான மூலக்கூறை வெளியிலிருந்து ஒட்டிவிடு. அதுதான் ஸ்பின் லேபிள். மாட்டின் கழுத்தில் மணி கட்டுவது மாதிரி. புதருக்குள் மாடு தெரியாவிட்டாலும் மணிச்சத்தம் அதன் நடையைச் சொல்லிவிடும். நைட்ரஜன் கருவினால் மூன்று கோடுகள் வரும். லேபிள் தாராளமாக அசைந்தால் கோடுகள் கூர்மையாக இருக்கும், நெருக்கத்தில் மாட்டிக்கொண்டால் அகன்று குட்டையாகிவிடும்.

நான் உயரத்தை மட்டும் அளந்தேன். பாலக்கீரையைக் குளிரில் அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, லேபிளைச் சேர்த்து, விளக்கைப் போட்டேன். உயரம் குறைந்தது. சவ்வு இறுகுகிறது என்று முடிவு கட்டினேன். களைக்கொல்லியான டையூரானைச் சேர்த்து எலெக்ட்ரான் ஓட்டத்தை நிறுத்தினால் குறையவில்லை. அதில் என் நம்பிக்கை இன்னும் கெட்டியாயிற்று. கெட்டியாகியிருக்கக் கூடாது.

மெக்கானலும் ரோஜர் கோர்ன்பெர்க்கும் (பின்னாளில், 2006இல், வேறொரு வேலைக்காக நோபல் வாங்கியவர்) 1971இல் எழுதிய கட்டுரையை நான் படித்தே இருந்தேன். கொழுப்பு மூலக்கூறு சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரளப் பல மணி நேரமாகும் என்று காட்டியது அது. வெளிப்பக்க லேபிள்களை அவர்கள் வைட்டமின் சி உப்பால் அழித்தார்கள். ஒரு எலெக்ட்ரான் கிடைத்தால் நைட்ராக்சைடு ஊமையாகிவிடும். ஒளி பட்ட பசுங்கணிகமோ எலெக்ட்ரானை வாரி வழங்கும் இடம்! டையூரான் நிறுத்தியது அந்த வழங்கலைத்தான்.

ஒரு சாயங்காலம், ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "அகலம் மாறவே இல்லையேப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். விளக்கை அணைத்து, பொட்டாசியம் ஃபெரிசயனைடு துளி விட்டேன். கோடுகள் எழும்பி வந்தன. இறுகிய சவ்வு அதற்கு இளகாது. ஊமையான லேபிள்தான் திரும்பப் பேசும்.

சரி, ஃபெரிசயனைடோடே அளக்கலாமென்றால் அதுவும் பசுங்கணிகத்திடம் எலெக்ட்ரான் வாங்கும் சரக்கு. மருந்துக்கே பத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. 1974இல் பெர்க்லியில் லெஸ்டர் பேக்கர் குழு, ஸ்பின் லேபிளோடு, சவ்வை உறையவைத்து உடைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்ததன் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எல்லாம் கழித்து எனக்கு மிஞ்சிய மாற்றம் வரைபேனாவின் கோட்டுத் தடிமனுக்குள் அடங்கிவிட்டது. அந்த அத்தியாயம் ஆய்வேட்டில் ஏறவில்லை. தாளை மட்டும் ஏனோ கிழிக்காமல் வைத்திருந்திருக்கிறேன்.