மலைக்காற்றில் இரும்பு எடுத்தவர்கள்

பொற்றாசியம், சோடியம், கல்சியம், மக்னீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, பொன். 1980களின் நடுப்பகுதியில், ராகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில், இந்த வரிசையை நாங்கள் வாய்ப்பாடு போல ஒப்புவித்தோம். ஆய்வுகூடம் என்று ஓர் அறை அங்கே இருக்கவில்லை. மேலே உள்ள உலோகம் தாக்குதிறன் கூடியது, கீழே உள்ளது குறைந்தது என்று கரும்பலகையில் ஓர் அம்புக்குறி விழுந்ததோடு பாடம் முடிந்தது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் இல்லை. ஆகவே கலைப்பிரிவு, பின்னர் பல்கலைக்கழகம், பத்திரிகைத் தொழில் என்று என் காலம் ஓடியது. அந்தப் பதினொரு சொற்களுக்குள் மனித வரலாற்றின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பதும், அதன் முக்கியமான ஓர் அத்தியாயம் எங்கள் மலைகளின் தெற்குச் சரிவிலேயே நிகழ்ந்தது என்பதும் நாற்பது வயதைத் தாண்டிய பின்னரே எனக்குத் தெரியவந்தன.

மழை நாளில் லயத்து வாசலில் காலைக் கழுவினால் ஓடும் தண்ணீர் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு இரும்பு ஒட்சைட்டின் நிறம். அதே மண்ணில் அலுமினியமும் ஒட்சிசனோடு பிணைந்து கிடக்கிறது. புவியோட்டில் நிறையளவில் அலுமினியம் ஏறத்தாழ 8 சதவீதம். இரும்போ 5 சதவீதம். அப்படியிருக்க, இரும்பை மனிதர் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டு வருகின்றனர். அலுமினியத்தை உலோகமாக முதன்முதலில் பிரித்தெடுத்ததோ 1825இல், டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் என்பவர். கூடுதலாகக் கிடைப்பது ஏன் இத்தனை தாமதமாக வந்தது? ஓர் உலோகம் ஒட்சிசனை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதிலேயே இதற்கான விடை இருக்கிறது. பள்ளியில் நாங்கள் ஒப்புவித்த வரிசை பெரும்பாலும் அந்தப் பிடியின் வரிசையே.

வரிசையின் அடியில் உள்ள பொன் எதையும் பற்றிக்கொள்வதில்லை. ஆற்று மணலை அரித்தால் பொன்னாகவே கிடைக்கும். செம்பின் பிடி தளர்வானது. கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் தாது உலோகத்தை விட்டுவிடும். இரும்பு அத்தனை எளிதில் விடாது. கரி எரிந்து உண்டாகும் காபனோரொட்சைட்டு வாயு, தாதுவிலிருந்து ஒட்சிசனைக் கவர்ந்து செல்ல வேண்டும். கூடவே, தாதுவில் கலந்துள்ள கல்லும் மண்ணும் சிட்டமாக உருகி வழிய வேண்டும். அதற்கு ஏறத்தாழ 1,200 பாகை வெப்பம் தேவை. இரும்பு உருகுவதோ 1,538 பாகையில். எனவே பண்டைய உலைகளில் இரும்பு பெரும்பாலும் உருகியோடவில்லை. கடற்பஞ்சு போன்ற ஒரு கட்டியாகத் திரண்டது. அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துச் சிட்டத்தை வெளியேற்றினார்கள்.

நாகத்தின் கதை இன்னும் சுவையானது. கரி அதனையும் விடுவிக்கும். ஆனால் அதற்கு 1,000 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பிடிபடாத அந்த ஆவி காற்றுப் பட்டதும் மீண்டும் ஒட்சைட்டாகிவிடும். ராஜஸ்தானின் ஜாவர் என்ற ஊரில், கத்தரிக்காய் வடிவ மண்கலங்களை வாய் கீழாகக் கவிழ்த்து அடுக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறங்கச் செய்து குளிரவைத்துப் பிடித்தார்கள். 12ஆம் நூற்றாண்டளவில் அது அங்கே பெருந்தொழிலாக நடந்தது. ஐரோப்பாவில் பிறிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் இதற்கு ஒப்பான முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல். எங்கள் லயத்துத் தகரக் கூரையின் மேல் பூசப்பட்டிருந்ததும் நாகம்தான். இரும்பைவிடத் தாக்குதிறன் கூடியதால் அது தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். பூச்சு தீர்ந்த இடத்தில் கூரை துருப்பிடித்து ஒழுகும். வரிசையில் எது மேல், எது கீழ் என்பதை அந்தக் கூரையின் கீழ் படுத்தே நாங்கள் கற்றிருக்கலாம்.

இனி, எங்கள் மலைக்கு வருவோம்.

ஆனி, ஆடி மாதங்களில் ஹட்டன் பக்கம் மழை கொட்டும். மலைத்தொடரைத் தாண்டி ராகலை, உடப்புசல்லாவை, ஊவா என்று கிழக்கே போகப்போக மழை குறைந்து காற்று வலுக்கும். இதையே கச்சான் காற்று என்கிறோம். ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவது இந்த வறண்ட காற்றே என்பது தேயிலைத் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்தது. ராகலையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீற்றருக்குள், பலாங்கொடைக்குக் கிழக்கே சமனலவெவ இருக்கிறது. அங்கே வளவை கங்கையின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, நீரில் மூழ்கவிருந்த நிலப்பகுதியை 1988 முதல் தொல்லியலாளர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவரான பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளின் மேல்விளிம்பில் இரும்பு உலைகளின் எச்சங்களைக் கண்டார். கண்ட உலைகள் பல. ஆனால், அவற்றில் துருத்தி வைத்து ஊதியதற்கான அடையாளம் இல்லை.

அக்காலத்து அறிஞர் பலரும் ஏற்றிருந்த கருத்து, நல்ல இரும்புக்குத் துருத்தி தேவை. இயற்கைக் காற்று நிலையற்றது, அதை நம்பிப் பெருந்தொழில் நடத்த முடியாது என்பதாகும். 1994இல் ஜூலெஃப் குழுவினர் அதே சரிவில், அதே வடிவில் உலை கட்டி, பருவக்காற்று வீசும் காலத்தில் மூட்டிப் பார்த்தனர். நீண்டு, ஆழம் குறைந்த உலை. முன்சுவரின் அடியில் வரிசையாக மண் ஊதுகுழாய்கள். காற்று முன்சுவரின் உச்சியைக் கடந்து பாயும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பினால் குழாய்கள் வழியே காற்று சீராக உள்ளே செல்கிறது. வெளியே காற்று ஏறி இறங்கினாலும் உலை தடுமாறவில்லை. கிடைத்த உலோகத்தில் காபன் மிகுந்த உருக்கும் இருந்தது. 1996 சனவரியில் ‘நேச்சர்’ இதழில் இது கட்டுரையாக வெளிவந்தது. இந்த உலைகள் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை எனக் காலம் கணிக்கப்பட்டுள்ளது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றிய தமது நூலில் சரந்தீப், அதாவது இலங்கை உருக்கைக் குறிப்பிட்டிருப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2025 சனவரியில் சிவகளை முதலிய இடங்களின் காலக்கணிப்புகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டபோது, இரும்பின் தொன்மை கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை செல்லுமா என்ற விவாதம் உலகத் தமிழரிடையே சூடுபிடித்தது. ஆண்டுக் கணக்கு முக்கியமானதுதான். ஆயினும் ‘எப்போது’ என்று கேட்கும் ஆர்வத்தில் பாதியாவது ‘எப்படி’ என்று கேட்பதில் நமக்கு இருக்க வேண்டும். எந்த மரத்தின் கரி, எந்தத் திசைக் காற்று, எத்தனை நேர எரிப்பு என்று அறிந்திருந்தவர்களே அந்த இரும்பைச் செய்தார்கள்.

அந்த அறிவின் கடைசி மூச்சைப் பதிவு செய்தவர் ஒரு தமிழர் வழி வந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெறுமுன் இலங்கைக் கனிய அளவைத் துறையின் பணிப்பாளராக இருந்த புவியியலாளர். பலாங்கொடைப் பகுதியில் எஞ்சியிருந்த கைவினைஞர் சிலர் காலால் மிதிக்கும் தோல் துருத்தி கொண்டு இரும்பெடுத்ததையும், மூசையில் வைத்து உருக்குச் செய்ததையும் அவர் நேரில் கண்டு, 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரிவாக எழுதினார். அதற்குள் சீமை இரும்பு மலிவாக வந்து குவிந்திருந்தது. தேயிலைக் கொழுந்தை உலர்த்தும் ‘சிரோக்கோ’ இயந்திரம்கூடப் பெல்பாஸ்ட் நகரிலிருந்து வந்தது. சிரோக்கோ என்பதும் ஒரு வெப்பக் காற்றின் பெயரே.

அலுமினியத்துக்கும் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் வருகிறேன். உலையில் எட்டக்கூடிய வெப்பத்தில் கரியால் அலுமினியத்தின் பிடியைத் தளர்த்த முடியாது. 1800இல் வோல்ட்டாவின் மின்கலம் வந்தது. 1807இல் ஹம்ப்ரி டேவி மின்பகுப்பினால் பொற்றாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தார். அலுமினியத்தை மலிவாக்கிய மின்பகுப்பு முறையை 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் ஏரூவும் தனித்தனியே கண்டறிந்தனர். இன்றும் ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 13 முதல் 15 அலகு மின்சாரம் செலவாகிறது. அதனால் நீர்மின்சாரம் மிகுந்த நாடுகள் பல அதன் உற்பத்தியில் முன்னின்றன.

எங்கள் மலையிலும் நீர் இருந்தது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின் திட்டத்தை முன்வைத்தார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. இரும்பு உலைகளைக் கண்டறிய வழிவிட்ட சமனலவெவ அணை 1992இல் மின்சாரம் தந்தது. அத்தனை மின்சாரமும் மலையிறங்கிப் போன காலத்தில், எங்கள் லயத்தில் குப்பி விளக்கில் படித்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சமனலவெவ நீர்த்தேக்கத்தின் கரையில் நின்றேன். அது ஆடி மாதம், காற்று நிற்கவிடவில்லை. சில உலைகள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. காலடியில் கறுத்த சிட்டக் கட்டி ஒன்று கிடந்தது. கண்ணாடி போல வழிந்து உறைந்திருந்தது, கைக்குக் கனத்தது. அதைச் செய்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. தேயிலைச் செடியை நட்ட எங்கள் பாட்டன் பாட்டிமாரின் பெயர்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன? எடுத்த கட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இன்றும் மலையகப் பிள்ளைகள் அந்த வரிசையை மனப்பாடம் செய்கிறார்கள். ‘இரும்பு’ என்ற சொல் வரும்போது ஆசிரியர் ஒரு கணம் நிறுத்தி, சன்னலுக்கு வெளியே வீசும் காற்றைக் காட்டலாம். அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை.