கத்தரியும் மோட்டாரும்



பனி விலகியதும் இன்று நம் தேயிலை மலைகளில் முதலில் கேட்பது கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் ஓசை. அந்த ஓசை நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? கொழுந்தின் நிறையைப் பார்த்துக் கூலி கணக்கிடும் இடத்தில், அன்றைய வருமானமும் அதோடு நின்றுவிடும். ஆகவே, கருவிகளின் வரலாறு நமக்கு வெறும் கதையன்று. அது நம் சோற்றுக் கணக்கு.

1885-இல் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளந்து ஆராய்ந்தார். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துக் கன்று நட்ட நம் முன்னோர் கையில் இருந்தவை கோடரியும் மண்வெட்டியும் கவாத்துக் கத்தியுமே. பிடி உடைந்தால் காட்டு மரத்தில் புதுப் பிடி செதுக்கினார்கள். முனை மழுங்கினால் கல்லில் தீட்டினார்கள். பழுது பார்ப்பவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே.

ஆலைக்குள் வந்த இயந்திரங்களும் அப்படித்தான் உழைத்தன. 1930-வாக்கில் அசாமில் மெக்கெர்ச்சர் என்பவர் அமைத்த சி.டி.சி. இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் அதன் உருளைகளில் பற்கள் உண்டு. பற்கள் தேய்ந்தால் உருளையை எறிந்துவிடுவதில்லை. கழற்றி, பற்களை மீண்டும் வெட்டிக் கூராக்கிப் பொருத்துகிறார்கள்.

கொழுந்து எடுப்பதிலோ விரல்களே நெடுங்காலம் கருவியாக இருந்தன. பை பொருத்திய கொழுந்துக் கத்தரி 1915-இல் ஜப்பானில் உருவானது. இரண்டு அலகு, ஓர் ஆணி. அரம் ஒன்று இருந்தால் போதும், நாமே கூராக்கலாம். இளைஞர்கள் பட்டணம் போய்த் தோட்டத்தில் ஆள் குறைந்தபோது, இருவர் நிரையின் இருபுறமும் பிடித்துச் செல்லும் பெட்ரோல் இயந்திரம் பெரிதும் உதவியது. வேலை விரைந்தது. ஆனால் பழுது நம் கையை விட்டுப் போயிற்று. ஒரு சிறு உதிரிப்பாகத்துக்காக மலை இறங்க வேண்டிய நிலை வந்தது.

தோட்டத்து இயந்திரத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயினும், அதன் காற்று வடிகட்டியைத் துடைப்பதும், எண்ணெயைக் கையேடு சொல்லும் அளவில் பெட்ரோலுடன் கலப்பதும், கத்தியை மழுங்கவிடாதிருப்பதும் நம்மால் ஆகும். மழுங்கிய கத்தி கொழுந்தை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த ஓரம் கருகும்.

வீட்டுக்கு வாங்கும் கருவி வேறு. அதை நாமே தேர்ந்தெடுக்கிறோம். மின்சாரத் துளைக்கருவி தீப்பொறி விட்டு நின்றால், "மோட்டார் எரிந்துவிட்டது" என்று எறிந்துவிடுகிறோம். பல வேளைகளில் தேய்ந்திருப்பது கார்பன் பிரஷ் என்னும் இரு சிறு கரித்துண்டுகளே. சில கருவிகளில் பக்கத்து மூடியைத் திருகி அவற்றை மாற்றிவிடலாம். சிலவற்றில் உடலையே பிரிக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் கருவியில் இன்னொரு சிக்கல். ஒரு நிறுவனத்தின் மின்கலம் மற்றொன்றில் பெரும்பாலும் பொருந்தாது. அம்மின்கலம் கடையில் கிடைக்காமற் போனால், நல்ல கருவியும் வீண்.

எனவே, விலையைக் கேட்கும்முன் மூன்று கேள்விகள் கேட்போம். இதைத் திறக்க முடியுமா? உதிரிப்பாகம் கிடைக்குமா? அருகில் பழுது பார்ப்பவர் உண்டா?

அதற்காக எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டு ஓட்டலாகாது. நிறுத்தும் விசை வேலை செய்யாத கருவியையும், காப்புத் தகடு உடைந்த கருவியையும் சீராக்கும்வரை தொடக் கூடாது. சீராக்க முடியாவிட்டால் மாற்றிவிட வேண்டும். விரலுக்கு உதிரிப்பாகம் இல்லை.

வீட்டில் ஒரு கருவியைப் பிரிக்கும்போது, மின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளையும் அருகில் அமர்த்துவோம். நம் பாட்டன் பிடி செதுக்கினார். பேரன் மோட்டாரைத் திறக்கட்டும். கருவியை வாங்குவது ஒரு நாள் வேலை; பேணுவது அன்றாட வேலை.